எலும்பு மஜ்ஜை ஊசிக்கு முன்: மரத்துப்போனால் போதுமா, தூங்கிவிட வேண்டுமா?

பல் பிடுங்கும்போது ஈறில் போடுவதும் மயக்க ஊசி. எண்டோஸ்கோப்பிக்கு அரைத் தூக்கம் வரப் போடுவதும் மயக்க ஊசி. கர்ப்பப்பை எடுக்கும்போது ஆளை முழுசாக மறக்கடிப்பதும் மயக்க ஊசி. திருமங்கலத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் மூன்றுக்கும் இந்த ஒரே பெயரைத்தான் சொல்வார்கள். எனக்கு முதல் முறை பரிசோதனைக்காக எலும்பு மஜ்ஜை (எலும்புக்குள் ரத்த அணுக்கள் உருவாகும் திசு) எடுத்த அன்று, "மயக்க ஊசி போட்டுத்தான் எடுப்போம், பயப்படாதீங்க" என்று நர்ஸ் சொன்னார். தூங்கி எழுந்தால் முடிந்திருக்கும் என்று நம்பிப் படுத்தேன். அவர் சொன்னது முதல் வகை. நான் புரிந்துகொண்டது மூன்றாம் வகை.

இரண்டு வருடம் முன்பு இடுப்பு வலி என்று ஆரம்பித்து, ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கி, ரத்தத்தில் ஒரு புரதம் கூடுதலாகத் தெரிந்து, மைலோமாவாக (மஜ்ஜையில் வரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) இருக்கலாம் என்ற சந்தேகத்தில் மஜ்ஜை பார்க்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் இரண்டு முறை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஒன்று வெறும் மரத்துப்போகிற ஊசியோடு, இன்னொன்று நரம்பில் தூக்க மருந்தோடு. இடையில் உசிலம்பட்டியில் இருக்கும் என் அத்தைக்கும் எடுத்தார்கள். அப்போது நான்தான் பக்கத்தில் இருந்தேன். அடுத்த மாதம் எனக்கு மூன்றாவது முறை. அதற்கு எதைக் கேட்பது என்று யோசித்தபோது, தெரிந்ததையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதே முடிவை எடுக்கவேண்டி இருப்பவர்களுக்காக அதை எழுதுகிறேன். மருந்தும் அளவும் டாக்டர் சொல்ல வேண்டியவை. ஆனால் எது எதற்கு என்று தெரியாமல் அவரிடம் எதையும் கேட்க முடியாது.

முதலில் ஒரு பயத்தை ஒதுக்கிவிடுவோம். முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள், இடுப்பு விழுந்துவிடும் என்று எங்கள் பக்கம் பலர் சொல்கிறார்கள். இந்த ஊசி முதுகுத்தண்டில் போடுவது இல்லை. இடுப்புக்குக் கீழே, பின்பக்கம், இரு புறமும் லேசாகக் குழி விழும் இடம் இருக்கிறதே, அங்கே தோலுக்கு அடியிலேயே தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேட்டில் போடுவது. தண்டுவடம் அங்கே இல்லை. 2003-இல் வெளியான பிரிட்டன் கணக்கெடுப்பு ஒன்றில், சுமார் 55,000 முறை எடுத்ததில் 26 முறைதான் சொல்லும்படியான சிக்கல் வந்திருந்தது, பெரும்பாலும் ரத்தக்கசிவு. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லச் சொல்வது இதனால்தான்.

அப்புறம், வலி எங்கே எங்கே வருகிறது என்று தெரிய வேண்டும். எந்த வழி எந்த வலிக்கு என்பது அதில்தான் பிடிபடும். ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்க வைப்பார்கள். சில இடங்களில் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். இடத்தைத் துடைத்துவிட்டு லிக்னோகெய்ன் ஊசி போடுவார்கள். பல் டாக்டர் போடும் அதே மருந்துதான். தோலில் இறங்கும்போது பத்து, பதினைந்து விநாடி சுரீரென்று எரியும். பிறகு ஆழமாக, எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு வரை போடுவார்கள். அந்தச் சவ்வில்தான் வலி உணர்வு அதிகம். அது மரத்தபின் தடித்த ஊசியைத் திருகித் திருகி எலும்புக்குள் இறக்குவார்கள். இப்போது பெரும்பாலும் பயன்படுவது 1971-இல் ஜம்ஷிடி என்ற மருத்துவர் விவரித்த வகை ஊசி. அப்போது வலியைவிட அழுத்தம்தான் பெரிதாகத் தெரியும், யாரோ முழங்கையை வைத்து இடுப்பில் அமுக்குவதுபோல. அதன்பின் சிரிஞ்சால் மஜ்ஜை நீரை உறிஞ்சுவார்கள். இதுதான் எல்லோரும் பேசும் அந்த வலி. தொடை வரை ஓடும், உள்ளே இருந்து எதையோ பிடுங்குவதுபோல இருக்கும், சில விநாடியில் நின்றுவிடும். கடைசியாக ஒன்றரை, இரண்டு செண்டிமீட்டர் நீளத்துக்கு ஊதுபத்தி கனத்தில் ஒரு எலும்புத் துண்டு எடுப்பார்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். எலும்புக்குள் ஊசி இருப்பது அதில் கொஞ்ச நேரம்தான்.

லிக்னோகெய்ன் தோலையும் சவ்வையும் மரத்துப்போகச் செய்யும். எலும்பின் உள்பக்கத்தை அதனால் தொட முடியாது. எனவே எவ்வளவு நன்றாகப் போட்டாலும் அந்த உறிஞ்சும் விநாடிகள் ஓரளவு தெரியத்தான் செய்யும். எனக்கு யாரும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அந்த வலி வந்தபோது ஏதோ தப்பாகிவிட்டது என்று பதறியிருக்க மாட்டேன்.

மரத்துப்போகிற ஊசி மட்டும் போட்டு எடுப்பதில் நிறைய வசதி இருக்கிறது. பட்டினி கிடக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு போகலாம். செலவு குறைவு. கொஞ்ச நேரம் மல்லாந்து படுத்து எழுந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். நம் ஊர்களில் பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் எடுக்கிறார்கள், அவர்களில் நிறையப் பேர் தாங்கிக்கொள்கிறார்கள். நான் தாங்கவில்லை. காரணம் மருந்து இல்லை, நேரம். ஊசி போட்ட கையோடு பெரிய ஊசியை எடுத்துவிட்டார்கள். வெளியே வரிசை நீளம். எனக்கோ தூங்கிவிடுவேன் என்ற எண்ணம். சவ்வில் ஊசி பட்டதும் உடம்பு தானாகத் துள்ளியது. மறுபடி பிடித்துப் படுக்க வைத்தார்கள், மறுபடி துள்ளினேன். கிடைத்த துண்டு சிறியது. பத்து நாள் கழித்து, மாதிரி போதவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. வலித்தது ஒரு நாள் கஷ்டம். அதனால் நோயின் பெயர் தெரிய மூன்று வாரம் தாமதமானதுதான் இன்னும் மனதில் உறுத்துகிறது.

இதே முறையில் அத்தைக்கு எடுத்ததைப் பாருங்கள். அவருக்கு 74 வயது. இருபது வருடமாக இளைப்பு, இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற முடியாது. ராத்திரி அவர் விடும் குறட்டைக்குப் பக்கத்து வீட்டில்கூட விளக்குப் போடுவார்கள். தூக்க மருந்து மூச்சை இன்னும் மந்தமாக்கிவிடும் என்பதால் டாக்டர் முதலிலேயே வேண்டாம் என்றுவிட்டார். நான் பயந்தேன், அத்தை பயப்படவில்லை. "எனக்குத் தூக்கம் வேணாம்த்தா, என்ன செய்யிறாகன்னு தெரியணும்" என்றார். அந்த டாக்டர் ஊசி போட்டுவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தபடி, இந்த வருடம் கடலை எப்படி என்று கேட்டார். அத்தை மழை பொய்த்ததைச் சொல்ல ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் போயிருக்கும். பிறகு ஊசி நுனியால் லேசாகக் குத்தி, கூராகத் தெரிகிறதா, மொண்ணையாகத் தெரிகிறதா என்று கேட்டு, இன்னும் கொஞ்சம் மருந்து போட்டார். உறிஞ்சும் முன், "இப்ப இழுப்பேன் பாட்டி, அஞ்சு எண்ணுங்க" என்றார். அத்தை எண்ணினார். மூன்றில் முகம் சுளித்தார், ஐந்தில் முடிந்துவிட்டது. ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, ஊருக்குப் போய்த் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்றார். (அதற்கு நான் விடவில்லை.)

ஒரே மருந்து, ஒரே ஊசி. எந்த மருந்து என்பதற்கு முன் எப்படிப் போடுகிறார்கள் என்று கேளுங்கள் என்று நான் சொல்வது இதைப் பார்த்த பிறகுதான். மரத்தபின் சில நிமிடம் காத்திருப்பீர்களா, ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் சொல்வீர்களா, நான் கை தூக்கினால் நிறுத்துவீர்களா என்று மூன்றையும் கேட்கலாம். லிக்னோகெய்னில் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் கலந்தால் அந்த ஆரம்ப எரிச்சல் குறையும் என்பது பல ஆய்வுகளில் வந்த விஷயம். கலப்பார்களா என்று கேட்பதில் தப்பில்லை. தூக்க மருந்து எடுத்துக்கொள்கிறவர்களுக்கும் இந்த மரத்துப்போகிற ஊசி போட்டே ஆகவேண்டும். அதைச் சரியாகப் போடாததற்குத் தூக்கம் ஈடாகாது.

அடுத்தது மாத்திரை. லோராசெபம் அல்லது அதன் குடும்பத்து மாத்திரை ஒன்றை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு கொடுப்பார்கள். இது வலி மாத்திரை இல்லை. உறிஞ்சும் வலியை இதனால் பெரிதாகக் குறைக்க முடியாது. நெஞ்சுப் படபடப்பும், கை நடுக்கமும், முதல் நாள் ராத்திரியிலிருந்தே ஓடும் நினைப்பும் அடங்கும். பதற்றத்தோடு படுப்பவர்களுக்கு வலி அதிகமாகத் தெரியும் என்பதால், அதை அடக்கினால் சுற்றி வளைத்தாவது வலிக்கும் கொஞ்சம் உதவும். சிலருக்கு நடந்தது அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். செலவு ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம், தனி ஏற்பாடும் வேண்டாம். ஆனால் வாய்வழியாகப் போவதால் எப்போது, எவ்வளவு வேலை செய்யும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. நம் இடங்களில் ஒன்பது மணிக்கு வரச்சொன்னால் பன்னிரண்டுக்குக் கூப்பிடுவார்கள். வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினால் கோரிப்பாளையம் சிக்னலில் தூங்கி, படுக்கையில் விழித்திருப்போம். உள்ளே கூப்பிடப்போகும் நேரம் உறுதியான பிறகு நர்ஸ் கையால் வாங்கிப் போடுவதே சரி. வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். தூக்க மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவர்களும் தினமும் குடிப்பவர்களும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு இன்னொன்று: சிலருக்கு இந்த மாத்திரை சாந்தத்துக்குப் பதிலாகக் குழப்பத்தையும் பிடிவாதத்தையும் கொண்டுவரும். அன்று ராத்திரி பாத்ரூம் போக எழுந்து விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு.

கையால் பிடித்து மூச்சிழுக்கும் வாயு ஒன்று இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் பாதிக்குப் பாதி கலந்தது. பிரிட்டனில் பிரசவ வலிக்குப் பல காலமாகக் கொடுக்கிறார்கள், மஜ்ஜை எடுக்கவும் பல இடங்களில் கொடுக்கிறார்கள். அரை நிமிடத்தில் வேலை செய்யும், முகமூடியை எடுத்தால் சில நிமிடத்தில் இறங்கிவிடும். உறிஞ்சும் அந்தச் சில விநாடிக்கு அளந்து செய்ததுபோல இருக்கிறது. நான் இதை எடுத்துக்கொண்டதில்லை. எல்லா மருத்துவமனையிலும் இருக்காது, இருந்தாலும் பிரசவ அறையிலோ ஆபரேஷன் தியேட்டரிலோதான் இருக்கும். ஆனால் கேட்கப்போகிறவர்கள் இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள். இந்த வாயு உடம்பில் இருக்கும் பி12 வைட்டமினைச் செயலிழக்க வைக்கும். ரத்த அணுக்கள் குறைந்து மஜ்ஜை வரை வந்தவர்களில் சிலருக்குக் காரணமே பி12 குறைபாடாக இருக்கும், காலம் முழுக்க சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். அவர்களுக்கு இது நரம்பைப் பாதிக்கலாம். எனவே பி12 அளவு பார்த்தாயிற்றா என்று முதலில் கேட்க வேண்டும். இன்னொன்று, மதுரைக்காரர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது. அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சுற்று மாவட்டமெல்லாம் வருகிறது. விழித்திரை ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருப்பவர்கள் அது கரையும்வரை நைட்ரஸ் ஆக்சைடை மூச்சிழுக்கவே கூடாது. குமிழி வீங்கி, கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வையே போய்விடலாம். கண்ணில் செய்ததை இடுப்பில் ஊசி போடும் டாக்டரிடம் எதற்குச் சொல்வது என்று தோன்றும். சொல்லியாக வேண்டும்.

இனி நரம்பில் போடும் தூக்க மருந்து. நான் இரண்டாம் முறை எடுத்துக்கொண்டது. மிடசோலம் என்ற மருந்து, பெரும்பாலும் கூடவே ஃபென்டனில் என்ற வலி மருந்தும். கையில் ஊசி ஏற்றி, விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப் மாட்டி, பி.பி. பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் கண் சொக்கும். கூப்பிட்டால் பதில் சொல்வோம், திரும்பு என்றால் திரும்புவோம், ஆனால் எதுவும் மனதில் பதியாது. முழு மயக்கம் இல்லை, மூச்சு நம் மூச்சுதான். அளவு கூடி மூச்சு மந்தமானால் இரண்டு மருந்துக்கும் தனித்தனி மாற்று மருந்து உண்டு, மிடசோலத்துக்கு ஃப்ளுமசெனில், ஃபென்டனிலுக்கு நாலக்சோன். அது கைவசம் இருக்கும் இடத்தில், மஜ்ஜை எடுப்பவரைத் தவிர மூச்சை மட்டும் கவனிக்க இன்னொருவர் இருக்கும் இடத்தில்தான் இதைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே டாக்டர் ஊசியையும் திருகிக்கொண்டு மூச்சையும் பார்த்துக்கொள்வேன் என்றால் சம்மதிக்காதீர்கள்.

எனக்கு அன்று நினைவிருப்பது, விரலில் கிளிப் மாட்டியதும் மின்விசிறியில் ஒட்டியிருந்த தூசியும். அடுத்து நினைவிருப்பது மல்லாந்து படுத்திருக்கிறேன், வீட்டுக்காரர் தலைமாட்டில் நிற்கிறார். ஒன்றுமே வலிக்கவில்லை, இவ்வளவுதானா என்று அவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னார்: "நீ அம்மான்னு கத்துனது வராண்டா வரைக்கும் கேட்டுச்சு." என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு தடவை கத்தினேனாம். எனக்கு அது இல்லவே இல்லை. அவருக்கு இன்னும் இருக்கிறது.

இந்த விஷயத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். மிடசோலம் வலியை எடுத்துவிடுவதில்லை. வலியின் நினைவைப் பதியவிடாமல் செய்கிறது. வலியைக் குறைப்பது கூடவே போடும் ஃபென்டனிலும், மரத்துப்போகிற ஊசியும்தான். அந்த நேரத்தில் வலித்து, பிறகு மறந்துபோனால் அது வலித்ததாகுமா, வலிக்காததாகுமா? என்னைக் கேட்டால், மறந்துபோனது எனக்குப் பெரிய உபகாரம். முதல் முறை நடந்ததை நினைத்து மூன்று வாரம் தூங்காமல் இருந்தவள் நான். இரண்டாம் முறைக்குப் பிறகு அன்று ராத்திரியே தூங்கினேன். திரும்பத் திரும்ப இந்தப் பரிசோதனைக்கு வர வேண்டியிருக்கும் நோயாளிக்கு, முந்தைய முறையின் நினைவு பயமாக மாறாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் தூங்கிவிடுவாள், வலிக்காது என்று வெளியே நிற்பவர்களிடம் சொல்லக் கூடாது. சத்தம் கேட்கலாம், பயப்பட வேண்டாம் என்று சொல்லி வைக்க வேண்டும். மிடசோலம் மட்டும் போடுவதாக இருந்தால், வலி மருந்தும் சேர்த்துப் போடுவீர்களா என்று கேட்பேன்.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. ஆறு மணி நேரம் திட உணவு கூடாது, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். பால் கலந்த காபி, டீ தண்ணீர்க் கணக்கில் வராது, சாப்பாட்டுக் கணக்குதான். விடிகாலை கிளம்பிவருபவர்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, அதனாலேயே திருப்பி அனுப்பப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். இன்சுலின் போடுகிறவர்கள் அன்று காலை எவ்வளவு போடுவது என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்க வேண்டும். முடிந்தபின் இரண்டு மணி நேரமாவது அங்கேயே இருக்க வேண்டும். அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது போன்ற காரியம் கூடாது, தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது. தனியார் இடத்தில் மயக்க டாக்டர், மானிட்டர், அறை என்று செலவு கூடும். காப்பீட்டில் எடுக்கிறவர்கள் இந்தப் பகுதியும் அதில் அடங்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். என் அத்தையைப்போல நுரையீரல் நோய், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, ஈரல் பாதிப்பு, நல்ல உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். அவர்களுக்கு டாக்டர் மறுத்தால் அதில் நியாயம் இருக்கிறது.

முழு மயக்கம் பெரியவர்களுக்கு அபூர்வம். குழந்தைகளுக்கு அதுதான் முறை. எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து வயது, லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய். ஒவ்வொரு முறையும் மயக்க டாக்டர் இருந்து, மஜ்ஜையும் முதுகுத் தண்டுநீர் ஊசியும் ஒரே மயக்கத்தில் செய்துவிடுவார்கள். பிள்ளையை நாலு பேர் அமுக்கிப் பிடித்துச் செய்யும் பழக்கம் எங்கேயாவது இருந்தால் பெற்றோர் வாய் திறந்து கேட்க வேண்டும். பிள்ளை வருடக்கணக்காக அந்த ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியிருக்கும். முதல் தடவை பயந்தால் பிறகு ரத்தம் எடுக்கவே கை நீட்டாது. மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கும், எந்த வழியிலும் அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கும் இதே வழியைக் கேட்கலாம்.

இவற்றுக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்களுக்கு எதைக் கண்டு பயம் என்பதைப் பொறுத்தது. இதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். பயம் என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோம், அதற்குள் மூன்று இருக்கிறது. வலி பயம் ஒன்று. அதற்கு நேரம் எடுத்துப் போட்ட மரத்துப்போகிற ஊசியும், தேவைப்பட்டால் நரம்பில் வலி மருந்தோ அந்த வாயுவோதான் பதில். தூக்க மாத்திரை இல்லை. இரண்டாவது, அந்த அறை, முதுகுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் வேலை, ஊசியின் பருமன், கையும் காலும் கட்டுப்பட்டதுபோல் படுத்திருப்பது. ரத்தம் எடுக்கும்போதே மயங்கி விழுபவர்கள், முன்பு ஒரு முறை மோசமாகப் பட்டவர்கள் எல்லாம் இதில் வருவார்கள். அவர்கள் மாத்திரையோ மிடசோலமோ கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. "இதுக்குப் போயா மயக்கம்?" என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது பயம், ரிப்போர்ட்டில் என்ன வரும் என்பது. எனக்கு இருந்ததில் பெரிய பங்கு இதுதான் என்று இப்போது தெரிகிறது. முதல் நாள் ராத்திரி முழுக்க ஊசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், புற்றுநோய் என்ற வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. இந்தப் பயத்துக்கு எந்த மருந்தும் வேலை செய்யாது. மிடசோலம் இறங்கியதும் அது அப்படியே திரும்பி வந்துவிடும். அதற்கு டாக்டரிடம் உட்கார்ந்து, எதைத் தேடுகிறீர்கள், எத்தனை நாளில் தெரியும், வந்தால் அடுத்து என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி. இந்தப் பரிசோதனை இல்லாமல் முடியாதா என்றும் கேட்கலாம். சில வகை ரத்தப் புற்றுநோய்களில் கையில் எடுக்கும் ரத்தத்திலேயே விடை கிடைத்துவிடும். மைலோமா போன்றவற்றில் மஜ்ஜை பார்க்காமல் முடியாது. ஏன் முடியாது என்று எனக்கு ஒருவர் பத்து நிமிடம் ஒதுக்கிச் சொன்னபோதுதான் உடம்பின் நடுக்கம் நின்றது.

மருந்தில்லாத விஷயங்களையும் இலேசாக நினைக்க வேண்டாம். கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள், காதில் பாட்டு, மூச்சை மெதுவாக நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது. உறிஞ்சும்போது மூச்சை விட்டுக்கொண்டே இருந்தால் உடம்பு இறுகாது. வீட்டு ஆளை உள்ளே விடமாட்டார்கள் என்றால் ஒரு நர்ஸ் முகத்துக்கு நேராக நின்று பேசினால் போதும், பெரிய தைரியம்.

முடிந்தபின் பத்து, பதினைந்து நிமிடம் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள், நம் உடல் எடையே கட்டுப்போல அழுத்தட்டும் என்று. ஊசி போட்ட இடத்தில் போடும் கட்டு ஒரு நாள் நனையக் கூடாது. இரண்டு, மூன்று நாள் இடுப்பில் அடிபட்டதுபோல வலிக்கும், அதற்குப் பாராசிட்டமால் போதும். மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள். ரத்தக்கசிவைக் கூட்டும், மைலோமா உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கட்டு நனையும் அளவு ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வலி குறையாமல் ஏறினாலோ உடனே போக வேண்டும்.

அடுத்த மாதத்துக்கு நான் முடிவு செய்திருப்பது இது. மிடசோலம் கேட்கப்போவதில்லை. அது இருந்திராவிட்டால் இரண்டாம் முறை படுத்தே இருக்கமாட்டேன். இப்போது நோயின் பெயர் தெரியும், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் எடுக்கிறார்கள். மூன்றாவது பயம் பாதியாகிவிட்டது. அரை மணி நேரம் முன்பு ஒரு மாத்திரை, பைகார்பனேட் கலந்த ஊசி, ஐந்து நிமிடக் காத்திருப்பு, இழுக்கும் முன் ஒரு வார்த்தை. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, மாத்திரைச் சீட்டுகள் இருக்கும் கவரில் வைத்திருக்கிறேன். அதற்கு அடியில் வீட்டுக்காரர் அவர் கையெழுத்தில் ஒன்று சேர்த்திருக்கிறார்: தாங்க முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, தூக்க மருந்துக்கு வேறொரு நாள் கொடுக்க வேண்டும். அதையும் டாக்டரிடம் காட்டிச் சம்மதம் வாங்கியாயிற்று. அன்று காலை நாங்கள் இருவரும் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறோம்.